கெட்டியாகக் கொடுங்கள்

ரிஸ்னா அனுப்பிய துண்டுப்பிரசுரத்தில் மூன்றாவது வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ரிஸ்னா மாவனல்லைக்காரப் பெண். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாவட்ட ஆஸ்பத்திரியில் இப்போது பேச்சு சிகிச்சையாளராக இருக்கிறாள். பேச்சு சிகிச்சை என்றால் திக்குவாய்க்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதத்தாலும் நடுக்க நோயாலும் விழுங்க முடியாமல் போனவர்களுக்குத் திரும்ப விழுங்கப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். அந்த வேலைக்குத் தமிழ் பேசும் ஒருவர் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. நோயாளிகளின் வீட்டாருக்குக் கொடுப்பதற்காக ஒரு பிரசுரத்தைத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் பதிவு: "சேர், ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. பிழை இருந்தா திருத்தித் தாங்க. அப்படியே பழைய கேஸ் ஏதாச்சும் எழுதித் தந்தீங்கன்னா புதுசா வர்ற பிள்ளைகளுக்கும் வாசிக்கக் குடுக்கலாம்."

மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'தேநீர் முதலான பானங்களைக் கெட்டியாகக் கொடுக்கவும்.'

அச்சில் பார்க்க நல்ல தமிழ். ஆனால் அதே வரியை நான் ஒரு முறை வாயால் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். எனவே பிரசுரத்தைத் திருத்துவதற்கு முன் ரிஸ்னா கேட்ட இரண்டாவது காரியத்தைச் செய்துவிடுகிறேன்.

நான் நர்ஸ். ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பாடசாலை, அப்புறம் டவுன் பாடசாலை, மூன்று வருடம் தாதியர் கல்லூரி, பிறகு மருத்துவ வார்டு. இதைப் பற்றி விரிவாக எழுத ஒன்றும் இல்லை. எல்லாரும் படித்ததைத்தான் படித்தேன், எல்லாரும் மறந்ததைத்தான் மறந்தேன்.

வார்டில் பல வருடங்கள் கழித்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் பேச்சு சிகிச்சையாளராகத் தமயந்தி மிஸ் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர் வேலை தெரியாது. தோட்டத்து நோயாளிகள் அதிகம் வருவதால் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும் என்று கேட்டார், என்னை அனுப்பினார்கள். மருந்து அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும்.

மிஸ் என்னைவிட வயதில் இளையவர். ஒல்லியான உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என்னைச் சிங்களத்து 'ஐயா' சேர்த்து 'ராஜேந்திரன் மகத்தயா' என்று முழுப்பெயரோடுதான் கூப்பிடுவார். வந்த முதல் வாரமே என்னை வார்டில் ஒரு காலிக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து, எனக்கு முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல், தலைமாட்டில் நின்றபடியே வாயில் ஊற்றினார். எனக்குப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, எழுந்து உட்கார்ந்து இருமித் தீர்க்க நேரம் பிடித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்.

"இத்தனை வருஷம் நோயாளிகளுக்கு இப்படித்தானே ஊட்டினீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "உங்களால் இரும முடிந்தது. அவர்களால் முடியாது."

அவ்வளவுதான் பாடம். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு படுத்திருக்கும் ஆளுக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்ததில்லை.

மிஸ் நோயாளியைப் பரிசோதிக்கும் முறையில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆள் நன்றாக விழித்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார். தூக்கக் கலக்கம் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. பிறகு நிமிர்த்தி உட்கார வைப்பது: இடுப்பு நாற்காலியின் முதுகை ஒட்ட வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. வாயைத் துணி சுற்றிய விரலால் துடைப்பார். காலையில் சாப்பிட்டது கன்னத்துக்குள் மிச்சம் இருக்கும், நோயாளிக்கே தெரியாது. ஒரு முறை இருமச் சொல்வார். 'ஆ' சொல்லச் சொல்வார். அந்த 'ஆ' எப்படி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்வார்.

அதன் பிறகுதான் தண்ணீர். கையில் சொந்தத் தேக்கரண்டி ஒன்று வைத்திருந்தார், ஆஸ்பத்திரிக் கரண்டியைத் தொடமாட்டார். அது அளவில் பெரியதாம். ஒரு தேக்கரண்டி வாயில் விட்டு, இடது கையின் நான்கு விரல்களை நோயாளியின் தொண்டையில் வைப்பார்: ஆட்காட்டி விரல் தாடைக்குக் கீழே, மற்ற விரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குரல்வளை வரை. விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி இறங்க வேண்டும். ஏறுகிறதா, எவ்வளவு தாமதித்து ஏறுகிறது, முழுக்க ஏறுகிறதா என்று விரலாலேயே பார்ப்பார். கண் அப்போது நோயாளியின் முகத்தில் இருக்கும். மறுபடி 'ஆ' சொல்லச் சொல்வார். குரல் முன்பு மாதிரி இருந்தால் சரி. கொழகொழவென்று ஈரமாக ஒலித்தால் தண்ணீர் குரல்வளை மேலேயே நிற்கிறது. அதற்குப் பின் ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். இப்படி மூன்று கரண்டி. ஒன்று பிசகினாலும் நிறுத்திவிடுவார்.

எனக்கு அவர் விளக்கியதை நான் தோட்டத்து ஆட்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: தொண்டையில் இரண்டு வழி. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நெஞ்சுக்கு. விழுங்கும் நேரத்தில் நெஞ்சுக்குப் போகிற வழியை ஒரு கதவு மூடும். மூளையில் அடிபட்டால் அந்தக் கதவு மூடச் சுணங்கும். தண்ணீர் வேகமாக ஓடி, கதவு மூடுமுன் உள்ளே நுழைந்துவிடும். குழைவான சாப்பாடு மெதுவாக நகரும், கதவுக்கு அவகாசம் கிடைக்கும். அதனால்தான் சிலருக்குக் கஞ்சி இறங்கும், வெறும் தண்ணீர் ஆகாது. நெஞ்சுக்குள் போனால் எல்லாரும் இருமுவார்கள் என்றும் நம்பக்கூடாது. சிலருக்கு இருமலே வராது. சத்தமே இல்லாமல் உள்ளே போய், நாலைந்து நாளில் காய்ச்சலாக வெளியே வரும்.

மிஸ்ஸிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வீட்டாருக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாலும், "விளங்கியதா?" என்று கேட்கமாட்டார். "செய்து காட்டச் சொல்லுங்கள்" என்பார். எனக்கு இது ஆரம்பத்தில் வீண் வேலையாகத் தோன்றியது. நடுக்க நோய் வந்த ஒரு வயதான தையல்காரரை மாவனல்லையிலிருந்து கூட்டி வந்தார்கள். அடிக்கடி புரையேறுகிறது என்றார்கள். "உக்கார வெச்சித்தான் ஊட்டுறோம்" என்று மகள் சத்தியம் செய்யாத குறை. மிஸ் விடவில்லை, அங்கேயே உட்கார வைத்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் அன்போடு இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்தாள். மனிதர் உட்கார்ந்துதான் இருந்தார், ஆனால் தலை பின்னால் சாய்ந்து தாடை கூரையைப் பார்த்தது. கழுத்து அப்படி இருந்தால் கதவு திறந்தே கிடக்கும். ஒரு தலையணையை எடுத்துத் தலைக்குப் பின்னால் வைத்ததும் தாடை கீழே வந்தது. மருந்து மாற்றவில்லை, ஒன்றும் செய்யவில்லை, ஒரு தலையணைதான். அதிலிருந்து நானும் செய்து காட்டச் சொல்பவன் ஆனேன்.

ஒரே ஒருவரிடம் கேட்கத் தவறினேன்.

சவரிமுத்து என்பவர் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர் ஷீட்டைப் புகை அறையில் தொங்கவிடும் வேலை. ஒரு நாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் கொஞ்சம் பலவீனம், பேச்சு குழறியது. விழுங்குவது அறவே போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் ஆகாரம். இரண்டு வாரத்துக்கு மேல் மிஸ் தினமும் வந்து அவருக்கு நாக்குப் பயிற்சியும் தொண்டைப் பயிற்சியும் கொடுத்தார். பிறகு மசித்த வாழைப்பழம், அரைத்த கஞ்சி என்று கரண்டி கரண்டியாக ஆரம்பித்து, குழாயை எடுத்தார். அந்த மனிதரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. குழாய் வெளியே வந்ததும் மூக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவி பெயர் மேரி. ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலை வெட்டு முடித்து, பாலைச் சேர்த்து ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து, பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுவார். கையில் ரப்பர் பால் காய்ந்த கறுப்பு எப்போதும் இருக்கும். மிஸ் சிங்களத்தில் ஏதாவது கேட்பார், நான் தமிழில் சொல்வேன், மேரி பதில் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். சில சமயம் நான் சொல்லி முடிக்கும் முன்பே மேரி தலையாட்டிவிடுவார். வெள்ளைச் சட்டையைக் கண்டால் எதற்கும் தலையாட்டும் தோட்டத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சவரிமுத்துவை வீட்டுக்கு அனுப்பும் அன்று மிஸ் இல்லை. வேறு ஆஸ்பத்திரியில் கிளினிக். போகும் முன் என்னிடம், பானம் எதுவும் குழைவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன சிங்களச் சொல் 'உக்கு'. கஞ்சி உக்கு, வெல்லப்பாகு உக்கு. அதில் குழப்பமே இல்லை.

நான் மேரியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். உட்கார வைக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, ஊட்டும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்து மருந்துச் சீட்டைக் கையில் கொடுக்கும்போது மேரி கேட்டார்.

"ஐயா, தேத்தண்ணி குடுக்கலாங்களா? தேத்தண்ணி இல்லாம அவரு இருக்கவே மாட்டாருங்க."

"குடுக்கலாம். ஆனா பச்சத் தண்ணி வேணாம், லேசான தேத்தண்ணியும் வேணாம். கெட்டியாத்தான் குடுக்கணும்."

மேரியின் முகம் மலர்ந்தது. "அவருக்கும் கெட்டியாத்தாங்க புடிக்கும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவும் பாதி வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன். செய்து காட்டச் சொல்லவில்லை. நம்ம ஆள், நம்ம பாஷை, இதில் என்ன காட்டுவதற்கு இருக்கிறது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

எட்டாவது நாள் சவரிமுத்து திரும்பி வந்தார். காய்ச்சல், மூச்சு வாங்கல். நெஞ்சுப் படத்தில் வலது பக்கத்துக் கீழ்ப்பாகம் வெள்ளையாக இருந்தது. வயிற்றுக்குப் பதிலாக நுரையீரல் எதையோ குடித்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மறுபடி மூக்கில் குழாய், ஒக்சிஜன். டொக்டர் வார்டு சுற்றில், "வீட்டில் என்ன கொடுத்தார்கள்?" என்று என்னைக் கேட்டார். நான் மேரியைக் கேட்டேன்.

"தேத்தண்ணிதாங்க குடுத்தேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ. ஒரு இருமல் கூட இல்லீங்க. நல்லா குடிச்சாரு."

"நான் கெட்டியா குடுக்கச் சொன்னேனா இல்லியா?"

"கெட்டியாத்தாங்க ஐயா குடுத்தேன்."

"கெட்டியா குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

வார்டு சிஸ்டரும் தன் பங்குக்கு நாலு வார்த்தை ஏசினார். நான் நோயாளியின் குறிப்புகளை எழுதும் டிக்கட்டை எடுத்து, வீட்டார் அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் தமயந்தி மிஸ் வந்தார். டிக்கட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். "காட்டச் சொன்னீர்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். சரி, மேரியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வார்டின் பான்ட்ரிக்குப் போனார். அங்கே கேத்தல் இருந்தது, தேயிலைத் தூள் இருந்தது, சீனி இருந்தது.

"வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி போடுவதைப் போலவே இங்கே போடச் சொல்லுங்கள்."

மேரி போட்டார். கொதிக்கிற தண்ணீரில் ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி தூள். மூடி வைத்தார். நல்ல கறுப்பாக இறங்கும்வரை பொறுத்து, கோப்பையில் வடித்து, சீனி போட்டுக் கலக்கினார். சாயம் அப்படி இருந்தது, கோப்பையின் அடி தெரியவில்லை.

"இப்புடித்தாங்க. கெட்டியா" என்றார்.

நான் பிறந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், காலையில் எழுந்ததும் கேட்ட முதல் குரலே 'சாயம் கெட்டியா ஊத்து' என்பதாகத்தான் இருந்திருக்கும். தேத்தண்ணியில் கெட்டி என்றால் கடுஞ்சாயம், தூள் தூக்கலாகப் போட்டது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அதற்கு வேறு பொருள் கிடையாது. கஞ்சி கெட்டி என்றால் குழைவு, குழம்பு கெட்டி என்றால் குழைவு, தேத்தண்ணி கெட்டி என்றால் மட்டும் சாயம். வெளியாள் ஒருவர் இந்தத் தவறைச் செய்தால் சிரிக்கலாம். நான் வெளியாள் இல்லை. மேரி என் பேச்சைக் கேட்காமல் விடவில்லை. எழுத்துக்கு எழுத்துக் கேட்டார். கெட்டியாகக் கொடு என்றேன், கெட்டியாகக் கொடுத்தார், அது தண்ணீரைப் போலவே ஓடி அவர் புருஷனின் நெஞ்சுக்குள் இறங்கியது.

மிஸ் தன் தேக்கரண்டியை அந்தக் கோப்பையில் விட்டு எடுத்துச் சரித்தார். சாயம் ஒழுகி ஓடியது. மறுபடியும் எடுத்துச் சரித்தார். பிறகு என்னைச் சிங்களத்தில் கேட்டார்.

"நீங்கள் என்ன சொல் சொன்னீர்கள்?"

சொன்னேன்.

"அந்தச் சொல் இவருக்கு எப்படிக் கேட்கும்?"

அதையும் சொன்னேன். சீனிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மேரியின் கை நின்றது. நாங்கள் பேசுவதைக் கண்டு பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிக்கட்டை என் முன் வைத்து, பேனாவையும் வைத்தார். "எழுதியது நீங்கள். வெட்டுவதும் நீங்கள்தான்." நான் அந்த வரியை ஒரே கோட்டால் வெட்டி, அறிவுரை தவறான சொல்லில் கூறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "இனி அவரிடம் சொல்லுங்கள். எனக்கு உங்கள் மொழி வராது" என்று சொல்லிவிட்டு மிஸ் சவரிமுத்துவைப் பார்க்கப் போனார்.

நான் மேரியிடம் திரும்பி இப்படிச் சொன்னேன்:

"சொன்னதுல ஒரு சின்ன பிசகு நடந்துருச்சு. கெட்டின்னா சாயம் இல்ல, கஞ்சி மாதிரி."

பிசகு நடந்துவிட்டதாம். யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, நான் அதற்குள் புகுந்துகொண்டேன்.

"என் மரமண்டைக்கு வெளங்கலையே ஐயா" என்று மேரி தலையில் அடித்துக்கொண்டார். இல்லை, பிழை என்னுடையது என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் கேத்தலை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாததால் நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. டிக்கட்டுக்கு உண்மையைச் சொன்னேன், மேரிக்குச் சொல்லவில்லை.

சவரிமுத்து பிழைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. இந்த முறை மிஸ்ஸே மேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேத்தண்ணியில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சச் சொன்னார். எவ்வளவு குழைவு வேண்டும் என்று காட்டக் கரண்டியைச் சரித்தார். ஒழுகக் கூடாது, பொத்தென்றும் விழக் கூடாது, மெதுவாக வழிந்து விழ வேண்டும். நான் அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன். மேரி தானே சொன்னார்:

"பாலுக்கு அசிட் போட்டதும் இறுக ஆரம்பிக்குமே, அந்தப் பதங்க."

ஸ்டோரில் ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி அசிட் கலந்தால் கொஞ்ச நேரத்தில் உறையும். உறைவதற்குச் சற்று முன்னால் ஒரு பதம் வரும். ரப்பர் தோட்டத்தில் அது தெரியாத ஆள் இல்லை. நான் அதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னபோது, அவர் முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து ரப்பர் தோட்டத்து நோயாளிகளுக்கு அதுதான் எங்கள் அளவு.

அதற்குப் பிறகும் சவரிமுத்துவைக் கிளினிக்குக் கூட்டி வரும்போதெல்லாம் மேரி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் மற்ற வீட்டார்களிடம் தானாகவே பேச்சுக் கொடுப்பார். "நான் ஒரு மடச்சிங்க. ஐயா கெட்டியா குடுன்னு சொன்னாரு, நான் சாயத்தக் கெட்டியாக்கிக் குடுத்து எங்க வீட்டு ஆள சாவு வரைக்கும் கொண்டு போயிட்டேன். நீங்க அப்புடி செஞ்சிறாதீங்க, ஐயா சொல்றத நல்லா கேட்டுக்கங்க." கேட்டவர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். நான் பத்துப் பிரசுரம் கொடுத்தாலும் அவர்கள் மனதில் நிற்காது, மேரி சொன்னது நின்றது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்கமாக இருக்கும். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுவேன்.

சவரிமுத்து ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசிவரை வாயால்தான் சாப்பிட்டார். இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து வீட்டிலேயே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தமயந்தி மிஸ் கொழும்புக்கு மாற்றலானார். நான் ஓய்வு பெற்றேன்.

ரிஸ்னாவின் மூன்றாவது வரியைப் பார்த்த மறுநாள் காலை பஸ் ஏறி ருவான்வெல்லையில் இறங்கி, ஓட்டோ பிடித்து, அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மேரியின் லயத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. தலை நரைத்திருந்தது. வெட்டை விட்டு இரண்டு வருடம் ஆயிற்றாம், ஆனால் கையில் அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை. என்னைக் கண்டதும், "நர்ஸ் ஐயாவா! வாங்க, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். சுவரில் சவரிமுத்துவின் படம், மாதா படத்துக்குப் பக்கத்தில்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு நடந்தது ஒங்க பிழ இல்ல. நான்தான் தப்பான சொல்லச் சொன்னேன். அத ஒங்ககிட்ட நேராச் சொல்லாம விட்டுட்டேன். நீங்க எல்லார்கிட்டயும் ஒங்க பிழைன்னு சொல்றதக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மேரி கதிரை துடைத்த துணியை உதறி மடித்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமேங்க ஐயா. என்ன சொல் சொன்னீங்கன்னு மிஸ் ஒங்களக் கேக்குறப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்."

"அவங்க சிங்களத்துல இல்ல கேட்டாங்க?"

"என்னங்கய்யா நீங்க. நான் வெட்டுற மலைக்குப் பக்கத்து மலையில வெட்டுறவங்க பூரா சிங்கள ஆளுங்க. கடைக்குப் போனா சிங்களம், பஸ்ஸுல ஏறுனா சிங்களம். சிங்களம் தெரியாம இங்க ஒரு நாள் இருக்க முடியுங்களா? மிஸ் ஏதாச்சும் கேக்குறப்பல்லாம் பதில் சொல்ல வாயத் தொறப்பேன். அதுக்குள்ள நீங்க தமிழுல ஆரம்பிச்சிருவீங்க."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையாட்டியதன் காரணம் இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது. மிஸ் சொன்ன சொல்லை அவர் காதால் நேராகக் கேட்டிருந்தால் நான் நடுவில் தேவைப்பட்டிருக்கவே மாட்டேன். சிங்களம் தெரியுமா என்று ஒரு தடவை கூட நான் அவரைக் கேட்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அக்கா எல்லார்கிட்டயும் ஒங்க பிழைன்னு சொன்னீங்க?"

"பின்ன எப்புடிச் சொல்றதுங்க? அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில நம்ம பாஷையில பேசுறதுக்கு நீங்க ஒரு ஆளுதான் இருந்தீங்க. ஐயாவே தப்பாச் சொல்லிட்டாருன்னு நான் சொன்னா, நாளைக்கு லயத்து ஆளுங்க நீங்க சொல்றத நம்புவாங்களா? நம்பாம எதையாச்சும் குடுத்து இன்னொரு ஆளு போறதுக்கா?"

அவர் இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, கையில் கரண்டியோடு நின்ற அந்த ஒரு நிமிடத்தில், அவர் என் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். நானும் அதே பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்காக.

ரிஸ்னாவுக்கான திருத்தத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். மூன்றாவது வரியில் 'கெட்டி' என்ற சொல்லை எடுத்துவிடு. 'அரிசி மா கலந்து காய்ச்சி, கரண்டியைச் சரித்தால் மெதுவாக வழிந்து விழும் பதத்தில் கொடுக்கவும்' என்று போடு. நீளமாக இருந்தால் இருக்கட்டும். பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதே, தேத்தண்ணி போட்டுக் காட்டச் சொல். எந்த மொழியில் கேட்டால் அவர்களுக்குச் சுகம் என்று முதலில் அவர்களையே கேள்.

அன்றைக்கு மேரியின் வீட்டிலிருந்து கிளம்பலாம் என்று எழுந்தேன். மேரி விடவில்லை.

"இருங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவலாம். கெட்டியா ஊத்தட்டுங்களா?"

"எந்தக் கெட்டி அக்கா?" என்று கேட்டேன்.

மேரி கேத்தலோடு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இத அன்னைக்கு என்னையக் கேட்டிருந்தா போதுமேங்கய்யா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.